த்ராட்டில் பாடி கூலன்ட் பைபாஸ்: இன்ஜினின் சூடும் திறனும் உண்மையில் மாறுமா?

பெட்ரோல் இன்ஜின் பலவற்றில், உள்ளே போகும் காற்றின் அளவை ஒரு தட்டால் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியின் அடிப்பகுதியிலோ பக்கவாட்டிலோ விரல் பருமனுள்ள இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வந்து சேர்வதைக் காணலாம். அவற்றில் ஓடுவது, இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவமான கூலன்ட்; இன்ஜினிலிருந்து அது சூடாகவே வருகிறது. உள்ளே போகும் காற்று குளிர்ந்திருந்தால் அதன் அடர்த்தி கூடும், அடர்த்தி கூடினால் திறன் கூடும் என்பது இன்ஜின்களைப் பற்றிய அடிப்படைப் பாடம்; அப்படியிருக்க, காற்று நுழையும் வாசலையே 80, 90 டிகிரி செல்சியஸ் திரவத்தால் தயாரிப்பாளர் ஏன் சூடாக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமாகவே எழுகிறது. அந்த ஹோஸ்களை த்ராட்டில் பாடியிலிருந்து கழற்றி, ஒரு சிறு இணைப்புக் குழாயால் ஒன்றோடொன்று சேர்த்துவிடும் வேலையைத்தான் த்ராட்டில் பாடி பைபாஸ் என்கிறார்கள். செலவு மிகக் குறைவு, கருவிகளும் அதிகம் தேவையில்லை. ஆகவே திறன் கூடும் என்றும் இன்ஜின் சூடு குறையும் என்றும் இரண்டு எதிர்பார்ப்புகளோடு பலர் இதைச் செய்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டுமே கிட்டத்தட்ட பூஜ்ஜியத்தில் வந்து நிற்கின்றன. விளைவு இல்லாத வேலை என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. ஏனென்றால் அந்த ஹோஸ்கள் எங்கிருந்து எங்கே போகின்றன என்பதைப் பொறுத்து, யாரும் எதிர்பாராத இடத்தில் விளைவு தலைகாட்டக்கூடும்.

முதலில், அந்தச் சூடு எதற்காக என்பதைப் பார்ப்போம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது த்ராட்டில் தட்டு ஏறத்தாழ முழுவதும் மூடியிருக்கும். தட்டின் விளிம்புக்கும் சுவருக்கும் இடையே மெல்லிய பிறை வடிவ இடுக்கு மட்டுமே மிஞ்சும். ஐடிலில், அதாவது வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது, தட்டுக்கு அப்பால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிரும் மேனிஃபோல்டில் அழுத்தம் 30 முதல் 40 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வெளியே வளிமண்டல அழுத்தமோ 101 கிலோபாஸ்கல். உள் அழுத்தம் வெளி அழுத்தத்தின் 53 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டால், அந்த இடுக்கில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடும் என்பது வாயு இயக்கவியல் விதி. அந்த வேகத்தை எட்டும் காற்று தன் வெப்ப ஆற்றலில் ஒரு பகுதியை இயக்க ஆற்றலாக மாற்றிக்கொள்வதால் அதன் வெப்பநிலை சடுதியில் வீழ்கிறது: 10 டிகிரியில் வந்த காற்று, இடுக்கின் நடுவே கணநேரத்துக்கு மைனஸ் 37 டிகிரி வரை போகிறது. இடுக்கைத் தாண்டியதும் வேகம் அடங்கி, வெப்பநிலை பழைய அளவுக்கே திரும்பிவிடும். சுவரை ஒட்டி ஓடும் மெல்லிய படலமும் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் கணநேரக் குளிர்ச்சியே போதும். நீராவி துளியாகித் தட்டின் விளிம்பில் உறைந்து படியத் தொடங்கும்.

ஆபத்து மிகுந்த வானிலை எது என்பதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. கடுங்குளிர் அவ்வளவு மோசமன்று. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும்; பூஜ்ஜியத்தில் ஏறத்தாழ 5 கிராம்; மைனஸ் 20 டிகிரியில் ஒரு கிராம் அளவுதான். உறைவதற்கு நீர் இருந்தால்தானே பனிக்கட்டி உண்டாகும்! ஆகவே பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலும் கீழுமாக, மூடுபனியோ தூறலோ சூழ்ந்த நாளில், த்ராட்டிலைச் சிறிதளவே திறந்து நெடுந்தூரம் ஓட்டும் வண்டிக்குத்தான் இந்தத் தொல்லை வாய்ப்பாகிறது. கார்புரேட்டர் காலத்தில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. அங்கே பெட்ரோல் ஆவியாவதும் அதே இடத்தில் நடந்ததால் வெப்பநிலை முப்பது டிகிரிக்கு மேல் சரிந்தது. கார்புரேட்டர் கொண்ட சிறு விமானங்களின் ஓட்டிகளுக்கு, வெளிக்காற்று 21 டிகிரிக்குக் கீழும் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேலும் இருந்தால் பனிக்கட்டியை எதிர்பார்க்க வேண்டும் என்று இன்றும் கற்பிக்கிறார்கள். பெட்ரோலை இன்டேக் போர்ட்டிலோ சிலிண்டருக்குள்ளோ தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் அந்தக் கூடுதல் குளிர்ச்சி த்ராட்டிலில் இல்லை. ஆனாலும் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து திரும்பி வரும் ஆவியில் எரிப்பின் விளைபொருளான நீராவி கலந்திருப்பதால், அது த்ராட்டிலுக்கு அருகே வந்து சேரும் அமைப்புகளில் உறைவதற்கான ஈரம் வெளிக்காற்றை நம்பியிருப்பதில்லை. தட்டு உறைந்து ஒட்டிக்கொண்டால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வேகம் குறையாமல் போகலாம். கூலன்ட் பாதையை வடிவமைத்தவர் அஞ்சியது இதைத்தான்.

இனி திறன் பற்றிய கணக்கு. 2 லிட்டர் இன்ஜின் ஒன்று 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று) முழு த்ராட்டிலில் ஓடுகிறது என்று கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவு முழுவதையும் இழுக்கிறது. ஆகவே நிமிடத்துக்கு ஏறத்தாழ 6000 லிட்டர், அதாவது நொடிக்கு 100 லிட்டர் காற்று. எடையில் இது நொடிக்குச் சுமார் 120 கிராம். த்ராட்டிலின் உள்விட்டம் 65 மில்லிமீட்டர் என்றால் காற்றின் வேகம் நொடிக்கு 30 மீட்டர். த்ராட்டில் பாடியின் நீளம் 70 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அந்தத் தூரத்தைக் காற்று கடக்க எடுக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகம். காற்று தொடும் உட்சுவரின் பரப்பு 143 சதுர சென்டிமீட்டர், ஏறத்தாழ ஓர் அஞ்சலட்டையின் பரப்பு. சுவர் 85 டிகிரி, காற்று 35 டிகிரி என்று வைத்து, குழாயில் கொந்தளித்து ஓடும் காற்றுக்கான வழக்கமான வெப்பப் பரிமாற்றச் சூத்திரத்தைப் பயன்படுத்தினால், சுவரிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பம் சுமார் 65 வாட். நுழைவாயிலுக்கு அருகே பரிமாற்றம் கூடுதலாக இருக்கும் என்பதற்காக இதை இரண்டு மடங்காக்கினாலும் 130 வாட்தான். நொடிக்கு 120 கிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க 120 வாட் வேண்டும். ஆகவே காற்றின் வெப்பநிலை அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை உயர்கிறது. கூலன்ட்டை விலக்குவதால் மீட்கக்கூடிய உச்ச அளவு இவ்வளவே. உண்மையில் இதுவும் முழுதாகக் கிடைப்பதில்லை. ஹோஸைக் கழற்றினாலும் த்ராட்டில் பாடி, மேனிஃபோல்டோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டு, சூடான இன்ஜின் அறையில்தான் உட்கார்ந்திருக்கிறது. உலோக மேனிஃபோல்ட் என்றால் சூடு அதன் வழியே ஊர்ந்து வந்துகொண்டே இருக்கும்; பிளாஸ்டிக் மேனிஃபோல்ட் என்றால் சற்றுக் குறையும்.

அந்த ஒரு டிகிரி எத்தனை குதிரைத்திறன்? இன்ஜின் திறனை வெவ்வேறு வானிலைகளில் ஒப்பிடுவதற்கான ஐஎஸ்ஓ 1585 தரநிலை, பெட்ரோல் இன்ஜினின் திறன் காற்றின் வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்து அதன் 0.6 அடுக்குக்கு ஏற்பக் குறைவதாகக் கொள்கிறது. 308 கெல்வினில் ஒரு டிகிரி மாறினால் திறன் 0.2 விழுக்காடு மாறும். 150 குதிரைத்திறன் இன்ஜினில் இது 0.3 குதிரைத்திறன். ஒரே வண்டியை, திறனை அளக்கும் கருவியான ஒரே டைனோவில் அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டினாலே ஓரிரு குதிரைத்திறன் வித்தியாசம் வருவது இயல்பு என்பதால், இந்த 0.3 அந்த அளவீட்டு ஏற்றத்தாழ்வுக்குள் மூழ்கிவிடும். பெரிய இன்ஜினுக்கும் டர்போ இன்ஜினுக்கும் கணக்கு இன்னும் சாதகமாக வந்துவிடாது; காற்றோட்டத்தின் எடை கூடக்கூட ஒவ்வொரு கிராமுக்கும் கிடைக்கும் வெப்பம் குறைந்துகொண்டே போகும்.

மெதுவாகப் போகும்போது காற்று த்ராட்டிலில் அதிக நேரம் இருக்கிறதே, அப்போது கூடுதலாகச் சூடாகுமே என்று கேட்கலாம். ஆகும். ஐடிலில் நொடிக்கு 3 கிராம் காற்றுதான் ஓடுகிறது. அதன் வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி ஏறலாம். ஆனால் அந்த நிலையில் இன்ஜினின் திறனை மட்டுப்படுத்துவது மூடிய த்ராட்டில் தட்டு. காற்றின் அடர்த்தி அன்று. அடர்த்தி சற்றுக் குறைந்தால் ஓட்டுநரின் கால், அல்லது ஐடிலைக் கட்டுப்படுத்தும் வால்வு, இன்னும் ஓர் இழை கூடுதலாகத் திறந்து அதை ஈடுசெய்துவிடும். சொல்லப்போனால், அப்படிக் கூடுதலாகத் திறப்பதால் காற்றை இழுக்க இன்ஜின் செலவிடும் பம்பிங் இழப்பு மிகச் சிறிதளவு குறையவும் செய்கிறது. ஆக, சூடு ஏறும் நேரத்தில் திறன் தேவைப்படுவதில்லை. திறன் தேவைப்படும் நேரத்தில் சூடு ஏற அவகாசம் இல்லை.

இருந்தும், பைபாஸ் செய்தவர்களில் பலர் வித்தியாசம் தெரிகிறது என்று உறுதியாகச் சொல்கிறார்கள்; அவர்கள் பொய் சொல்வதாகக் கொள்ளத் தேவையில்லை. ஓட்டி முடித்து பானட்டைத் திறந்து த்ராட்டில் பாடியைத் தொட்டால், முன்பு கை வைக்க முடியாதபடி கொதித்த உலோகம் இப்போது வெதுவெதுப்பாக இருக்கும். இன்ஃப்ராரெட் வெப்பமானியை நீட்டினாலும் அதையே காட்டும். இது உண்மையான மாற்றம்தான். ஆனால் அது உலோகத்தின் வெப்பநிலை. உலோகம் 30 டிகிரி குளிர்ந்துவிட்டதால் காற்றும் அவ்வளவு குளிர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதில்தான் இந்தப் பழக்கத்தின் உயிர் இருக்கிறது. அதோடு, வேலை செய்வதற்காக பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டும்போது, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ கற்றுவைத்திருந்த எரிபொருள், ஐடில் திருத்தங்கள் பல வண்டிகளில் அழிந்துவிடும். அவற்றை மீண்டும் கற்கும் வரை வண்டியின் நடத்தை சற்று மாறித் தோன்றும். காற்றோட்ட அளவு சென்சாரோடு சேர்ந்த வெப்பநிலை சென்சார் ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில், அதாவது த்ராட்டிலுக்கு முன்னால், இருக்கும் வண்டிகளில் பைபாஸ் செய்ததை ஈசியூ அறிந்துகொள்ள நேரான வழியே கிடையாது. சென்சார் மேனிஃபோல்டில் இருந்தாலும், அது காட்டும் எண்ணில் உலோகத்தின் சூடும் கலந்திருப்பதால் அதை அப்படியே காற்றின் வெப்பநிலையாக நம்பிவிட முடியாது.

காற்றின் சூட்டைப் பற்றி உண்மையிலேயே கவலைப்படுபவர் பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து காற்றை உறிஞ்சும் திறந்த வகை ஃபில்டர், மெதுவான போக்குவரத்தில் வெளிக்காற்றைவிட இருபது முப்பது டிகிரி அதிகமான காற்றை உள்ளே அனுப்பக்கூடும். த்ராட்டிலைத் தாண்டிய பிறகு மேனிஃபோல்டின் நீண்ட குழாய்கள், சிலிண்டர் ஹெட்டின் போர்ட்டுகள், வால்வின் பின்புறம் என்று த்ராட்டில் பாடியைவிடப் பல மடங்கு பரப்புள்ள சூடான சுவர்களைக் காற்று தொட்டுக்கொண்டே போகிறது. 70 மில்லிமீட்டர் நீளத்தில் தவிர்த்த ஒரு டிகிரியை அடுத்த அரை மீட்டரில் பல மடங்காக அது திரும்பப் பெற்றுவிடும். எரிபொருள் தானாகவே நேரந்தவறி வெடிக்கும் நாக்கிங்கைத் தவிர்க்க, தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கை ஈசியூ பின்னுக்கு இழுப்பதும் இத்தகைய பெரிய ஏற்றங்களுக்குத்தான்.

இரண்டாவது எதிர்பார்ப்பான இன்ஜின் சூட்டுக்கு வருவோம். மேலே சொன்ன 150 குதிரைத்திறன் இன்ஜின் முழுச் சுமையில் கூலன்ட்டுக்குள் தள்ளும் வெப்பம் பல பத்து கிலோவாட். சீரான நெடுஞ்சாலை ஓட்டத்திலேயே 10 முதல் 15 கிலோவாட் இருக்கும். த்ராட்டில் பாடியில் கூலன்ட் இழப்பது 100 வாட் அளவு, அதாவது நெடுஞ்சாலைக் கணக்கிலேயே ஒரு விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், த்ராட்டில் பாடி கூலன்ட்டிலிருந்து வெப்பத்தை எடுத்துக் காற்றுக்குக் கொடுப்பதால் அது ஒரு மிகச் சிறிய ரேடியேட்டர். அதை விலக்கினால் இன்ஜின் சூடு கூட வேண்டுமே ஒழியக் குறையக் காரணமில்லை. நடைமுறையில் இரண்டும் நிகழ்வதில்லை. 82 முதல் 90 டிகிரிக்குள் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் இந்த அற்ப வித்தியாசத்தை உணராமலே சமன்செய்துவிடும்.

அப்படியானால் பைபாஸுக்குப் பிறகு இன்ஜின் சூடாகிறது என்று சிலர் முறையிடுவது ஏன்? பல இன்ஜின்களில் கூலன்ட் ஓடும் பாதையின் உயரமான இடங்களில் ஒன்று த்ராட்டில் பாடி. ஹோஸைக் கழற்றும்போது கொஞ்சம் கூலன்ட் வெளியேறி, அந்த இடத்தில் காற்று புகுகிறது. அதை முறையாக வெளியேற்றாமல் மூடியைத் திருகிவிட்டால் காற்றுக் குமிழ் உள்ளே சுற்றும். தெர்மோஸ்டாட் அருகிலோ வெப்பநிலை சென்சார் அருகிலோ அது நின்றுவிட்டால் முள் ஏறி இறங்கும், ஹீட்டர் திடீரெனக் குளிர்காற்று வீசும். பழி பைபாஸின் மேல் விழுகிறது. காரணமோ உள்ளே சிக்கிய காற்று.

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது, ஹோஸ்களை இணைத்தார்களா அடைத்தார்களா என்பது. இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்தால் ஓட்டம் தொடர்கிறது. த்ராட்டில் பாடி மட்டும் விடுபடுகிறது. இணைப்புக் குழாய்க்குப் பதிலாக ரப்பர் மூடிகளைப் போட்டு இரண்டையும் அடைத்துவிட்டால் அந்தக் கிளை முழுவதும் செத்துவிடும். அந்தக் கிளை த்ராட்டில் பாடிக்காக மட்டுமே போடப்பட்டிருந்தால் பெரிய தீங்கில்லை. ஆனால் பல இன்ஜின்களில் அது வேறு ஒன்றோடு தொடராகக் கோக்கப்பட்டிருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1997இல் கார்வெட்டில் அறிமுகப்படுத்திய எல்எஸ்1 வி8 இன்ஜின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: அதன் சிலிண்டர் ஹெட்டுகளின் உச்சியில் சேரும் நீராவியையும் காற்றையும் வெளியேற்றும் மெல்லிய குழாய், த்ராட்டில் பாடியின் வழியாகத்தான் ரேடியேட்டருக்குப் போகிறது. பெயருக்கு அது த்ராட்டில் ஹோஸ். வேலையோ நீராவி வடிகால். அங்கே மூடியைப் போட்டு அடைத்தால் நீராவி ஹெட்டுக்குள்ளேயே தேங்கும். நீராவி நிற்கும் இடத்தில் உலோகத்தைத் திரவம் தொடுவதில்லை. ஆகவே அந்தப் புள்ளி மட்டும் தனியாகக் கொதிக்கும். இதில் கொடுமை, டேஷ்போர்டில் வெப்பநிலை முள் இயல்பாகவே நிற்கக்கூடும்; ஏனென்றால் சென்சார் வேறோர் இடத்தில், நன்றாக ஓடும் கூலன்ட்டில் அமர்ந்திருக்கிறது. இத்தகைய இன்ஜினில் த்ராட்டிலை விலக்க விரும்புபவர்கள் அந்தக் குழாயை நேரடியாக ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள், ஒருபோதும் அடைப்பதில்லை.

பழைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 1990களின் ஹோண்டா, மாஸ்டா, டொயோட்டா இன்ஜின்கள் சிலவற்றில் குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் ஐடில் தருவதற்காக, த்ராட்டில் பாடியிலேயே மெழுகு நிரப்பிய ஒரு வால்வு பொருத்தப்பட்டிருந்தது. இன்ஜின் சூடேறியதும் அதே கூலன்ட் அந்த மெழுகை உருக்கும், உருகிய மெழுகு விரிந்து கூடுதல் காற்றுப் பாதையை மூடும், ஐடில் இறங்கும். கூலன்ட் வராவிட்டால் அந்த வால்வுக்கு இன்ஜின் சூடாகிவிட்டது என்ற செய்தியே போய்ச் சேராது. விளைவு, வெகுநேரத்துக்கு இறங்காத உயர்ந்த ஐடில். சில வண்டிகளில், த்ராட்டில் மூடியிருந்தும் ஆர்பிஎம் உயர்வாக இருப்பதைக் கண்ட ஈசியூ பெட்ரோலை நிறுத்தும், ஆர்பிஎம் விழும், மீண்டும் பெட்ரோல் வரும். இப்படி இன்ஜின் மேலும் கீழுமாக ஊசலாடிக்கொண்டே இருக்கும். காற்றை ஒரு டிகிரி குளிர்விக்கப் போய், சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு முறையும் பெட்ரோலை வீணாக்கும் நிலைக்கு வந்து சேர்வதை லாபம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பைபாஸ் பொருத்தமாகும் நேரமும் இல்லாமலில்லை. த்ராட்டில் பாடியின் கூலன்ட் அறைக்கும் காற்றுப் பாதைக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் கெட்டுப்போனாலோ, அரிப்பினால் அலுமினியத்தில் துளை விழுந்தாலோ கூலன்ட் கசிந்து காற்றோடு சேர்ந்து எரியும். வெளியே ஒரு சொட்டும் சிந்தாமல் கூலன்ட் அளவு குறைந்துகொண்டே வரும், புகை வெண்மையாகும். மாற்றுப் பாகம் கிடைக்கும் வரை அந்த இடத்தைச் சுற்றில் இருந்து விலக்கி வைப்பது நியாயமான ஏற்பாடு. உறைநிலையை ஒருபோதும் நெருங்காத தட்பவெப்பத்தில், மெழுகு வால்வு இல்லாத, நீராவிக் குழாயோடு தொடர்பில்லாத இன்ஜினில், சரியான இணைப்புக் குழாயும் கிளாம்ப்பும் போட்டுச் செய்த பைபாஸால் கெடுதல் இல்லை. நன்மையும் அளவுகோலில் தெரியும்படி இல்லை. த்ராட்டிலில் கூலன்ட் பாதையே இல்லாமல் இன்று வரும் பல எலக்ட்ரானிக் த்ராட்டில்கள், அந்தச் சூடு எல்லா இன்ஜினுக்கும் எல்லா நிலையிலும் கட்டாயமன்று என்பதையும் காட்டுகின்றன.

தம் வண்டியிலேயே சோதித்துப் பார்க்க விரும்புபவர் உலோகத்தை அளப்பதை விட்டுவிட்டு, த்ராட்டிலுக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் காற்றோட்டத்தின் நடுவில் நிற்குமாறு வெப்பநிலையை அளக்கும் இரண்டு மெல்லிய தெர்மோகப்பிள்களைப் பொருத்த வேண்டும். இன்ஜின் முழுச் சூட்டை எட்டிய பிறகு, முதலில் பைபாஸ் இல்லாமல், பிறகு பைபாஸோடு, மறுபடியும் பைபாஸ் இல்லாமல் என்று மூன்று கட்டமாக ஒரே வேகத்தில் ஒரே சுமையில் ஓட்டிப் பதிவுசெய்ய வேண்டும். மூன்றாவது கட்டம் முதல் கட்டத்தோடு ஒத்துப்போனால்தான் நடுவில் கண்ட வித்தியாசத்தை பைபாஸின் கணக்கில் சேர்க்க முடியும். ஒத்துப்போகாவிட்டால் அது வானிலையோ இன்ஜின் அறையின் சூடோ செய்த மாற்றம். ஒவ்வொரு முறையும் ஹோஸைத் தொடுவதற்கு முன் இன்ஜின் முழுவதுமாக ஆறியிருக்க வேண்டும். சூடான கூலன்ட் வளிமண்டலத்தைவிட ஏறத்தாழ ஒரு பார் அதிக அழுத்தத்தில் நிற்பதால், அவசரப்பட்டுக் கிளாம்ப்பைத் தளர்த்தினால் கொதிநிலையை நெருங்கும் திரவம் நேராகக் கையில் பாயும்.